பெங்களூரில் ஒரு கரடிக்கு வீடு தேடினேன்

பெங்களூர் ஸ்டேஷனில் என்னை வரவேற்க ஒருவரும் வரவில்லை. என் கரடியைப் பார்க்கத்தான் பிளாட்பாரம் முழுவதும் கூடிவிட்டது.

பார்சல் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி வைத்ததும், சிவப்புச் சட்டைக் கூலிகள் முதலில் பின்வாங்கி, பிறகு மெதுவாக நெருங்கி வந்தார்கள். தமிழிலும் கன்னடத்திலும் கரடிக்கு ஒரே பெயர்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. யார் எந்த மொழிக்காரர் என்று பிரிக்க முடியாதபடி எல்லோரும் ‘கரடி, கரடி’ என்றார்கள். தாடி வைத்த பாய் ஒருவர் மட்டும் உருதுவில் ‘ரீச், ரீச்’ என்று தன் மகளைத் தூக்கிக் கரடியைக் காட்டினார்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்த ஒருவர் ஏமாந்து போனார். “இம்மாந்துண்டு தானா? நான் என்னமோ பெருசா இருக்கும்னு பார்த்தேன்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. மலாயாக் காட்டுக் கரடி சற்றுப் பெரிய நாயளவுதான் இருக்கும். உடம்பெல்லாம் குட்டையான கறுப்பு மயிர், மார்பில் மட்டும் மஞ்சளாக ஒரு பிறை. அந்தப் பிறைக்காகத்தான் அவளுக்கு பூலான் என்று பெயர் வைத்தோம். மலாய் மொழியில் பூலான் என்றால் நிலா.

நான் மலாயாவில் பேராக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். காடு வெட்டியபோது தாயை இழந்த குட்டியாக பூலான் எங்களிடம் வந்தாள். பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் புட்டியிலேயே அவளுக்கும் பால் கொடுத்து வளர்த்தேன். வளர்ந்த பிறகு தோட்டத்துத் துரை தன் பங்களாவுக்குப் பின்னால் கூண்டு கட்டி வைத்துக்கொண்டார். மலாயா சுதந்திரம் பெற்ற மறு வருஷம் துரை சீமைக்குக் கிளம்பினார். நாய்களை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டார். கரடியை யாரும் கேட்கவில்லை. கடைசியில் பெங்களூரில் அவருக்குத் தெரிந்த ஓட்டல் முதலாளி ஒருவர், தன் தோட்டத்தில் மிருகங்கள் வளர்ப்பவர், அனுப்பிவையுங்கள் என்று எழுதினார். கூடப் போக ஆள் வேண்டுமே! கரடி என் கையில்தான் சாப்பிடும். இப்படியாக, என் தகப்பனார் பிறந்த தேசத்தை முதன்முதலாகப் பார்க்க ஒரு கரடியோடு வந்து சேர்ந்தேன்.

மே மாதம். எங்கள் ஊரில் விடியும்போதே வியர்க்கும். இங்கே ஸ்டேஷன் வாசலில் நிற்கையில் கைகள் சில்லிட்டன. எதிரே சாலை முழுதும் செம்மயிற்கொன்றை பூத்து, மரத்தில் இலை இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. எதற்காக வந்தோம் என்பதையே மறந்து நின்றேன்.

“இன்னா நர்ஸம்மா, இது கடிக்குமா?” என்று ஒரு குரல் கேட்டது. பெட்டியை ஏற்றிப் போக ஏற்பாடு செய்திருந்த லாரியின் டிரைவர். ஏழுமலை என்று பெயர். பெங்களூரிலேயே தமிழர் நிறைந்த ஸ்ரீராம்புரத்துக்காரர்.

“கடிக்கும்” என்றேன்.

“அப்ப சரி. கடிக்காதுன்னு சொல்லி ஏத்தி வுடறாங்க பாரு, அவங்கதான் பேஜாரு.”

அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போனது.

ஓட்டல் முதலாளியின் தோட்டம் கன்டோன்மென்ட்டைத் தாண்டி இருந்தது. பெரிய வளைவு, வர்ணம் பூசிய யானைப் பொம்மை, உள்ளே ஐஸ்கிரீம் கடை. முதலாளி மிக நல்ல மனிதர். நான் குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் மற்றதெல்லாம் என்று சொல்லிவிட்டார். வாழை இலையில் பிசிபேளே சோறும் பூந்தியும் வந்தன. நெய் மிதந்த அந்தச் சோற்றை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு கூண்டுகளைக் காட்ட அழைத்துப் போனார். தரையிலும் சுவரிலும் வெள்ளை ஓடு பதித்திருந்தது. பினாயில் வாசனை. “தினம் ரெண்டு வேளை கழுவறோம் சிஸ்டர். சொன்னா நம்ப மாட்டீங்க, என் ஓட்டல் சமையல்கட்டு கூட இவ்ளோ க்ளீனா இருக்காது” என்றார். நான் சற்றுமுன் சாப்பிட்டதை நினைத்து அவரைப் பார்த்தேன். அவர் பெருமையோடுதான் சொன்னார்.

நான் ஆஸ்பத்திரிக்காரி. வார்டுக்குள் போனால் நோயாளி முகத்துக்கு முன் படுக்கையைப் பார்ப்பது வழக்கம். அங்கே ஒரு சிறுத்தை கம்பியோரமாக நடந்துகொண்டிருந்தது. போய், திரும்பி, வந்து, திரும்பி. அது திரும்புகிற மூலையில் ஓட்டின் மெருகு தேய்ந்து, அதன் தோள் உரசுகிற இடத்தில் சுவர் பழுப்பேறியிருந்தது. அடுத்த கூண்டில் ஒரு குரங்கு தன் முன்கை மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது. கை வழவழவென்று மனிதக் கை மாதிரி ஆகியிருந்தது. ஒளிந்துகொள்ள ஓர் இடம், ஏற ஒரு கிளை, கிளற ஒரு பிடி மண் எந்தக் கூண்டிலும் இல்லை. அவ்வளவு சுத்தமான இடத்தில் ஒரு மிருகம் நாள் முழுவதும் என்னதான் செய்யும்?

கரடிக்கென்று தயாராக இருந்த கூண்டில் ஓர் இரும்பு ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“உட்காரத்தான். சோடா பாட்டில் பிடிச்சுக் குடிக்குமில்ல? சின்னதுல நீங்க புட்டிப் பால் குடுத்தீங்கன்னு துரை எழுதியிருந்தாரே. ஜனங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவர் சாப்பாடு போட்டிருக்கிறார். துரை வாக்குக் கொடுத்திருக்கிறார். நானோ ஒரு தோட்டத்து நர்ஸ். வாசலுக்கு வந்தபோது ஏழுமலையும் ஆட்களும் பெட்டியைக் கயிறு கட்டி இறக்கத் தயாராக நின்றார்கள். கம்பி இடுக்கில் பூலானின் மூக்கு தெரிந்தது. கப்பலிலும் ரயிலிலும் கம்பியில் தேய்த்துத் தேய்த்து மூக்கின் மேல்தோல் உரிந்து சிவந்திருந்தது.

“இறக்க வேண்டாம்” என்றேன்.

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. புரியவில்லை, அவ்வளவுதான். “வேற எங்க சிஸ்டர் கொண்டு போவீங்க?” என்றார். மதராஸில் என் கப்பல் அந்த மாதக் கடைசியில் கிளம்புகிறது. ஊர் தெரியாது, மொழி பாதி தெரியாது. லாரியில் ஏறி உட்கார்ந்தேன்.

ஏழுமலை வளைவைத் தாண்டி லாரியைச் சாலைக்குத் திருப்பினார். பிறகு, “எங்க ஊட்டாண்ட லாரி ஷெட் ஒண்ணு கீது. நெழலா இருக்கும். நாலு நாள் வெச்சிக்கினு நெதானமா தேடு” என்றார்.

ஸ்ரீராம்புரம் போகும் வழியில் ரேடியேட்டர் கொதித்து லாரி நின்றுவிட்டது. நின்ற இடம் மல்லேஸ்வரம் மார்க்கெட். ஒரு நொடியில் கூட்டம். போலீஸ்காரர் வந்து, இது எந்தச் சட்டத்தில் வரும் என்று தெரியாமல், லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பலாச்சுளை விற்கும் அம்மாள் ஒருத்தி கூடையோடு மேலே ஏறி, கம்பிக்கு அருகே ஒரு சுளையை வைத்தாள். ரயிலேறியதிலிருந்து எதையும் தொடாத பூலான் தன் நாக்கை நீட்டினாள். அந்தக் கரடியின் நாக்கு ஒரு சாணுக்குக் குறையாது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கூட்டம் அப்படியே மூச்சடங்கிப் பார்த்தது. சுளை உள்ளே போனதும் போலீஸ்காரர்தான் முதலில் சிரித்தார்.

ஏழுமலையின் சந்தில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. அவர் மனைவி முனியம்மா நகரசபையில் துப்புரவு வேலை செய்பவர். கரடியைப் பார்த்து, “இத்த எதுக்கு இட்டாந்தே?” என்று புருஷனைக் கேட்டார். என்னைப் பார்த்து, “நீ உள்ள வா கண்ணு, காபி குடி” என்றார். அடுத்த சந்தில் கல்யாணம். ஒலிபெருக்கி அலறியது. பூலான் பெட்டிக்குள் சுருண்டு காதைப் பொத்துவது போல் முகத்தை இடுக்கிக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர், வாசல் நிலைக்கு மேல் புத்தர் படம் மாட்டியிருப்பவர், எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. “கரடிக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன். மேளம் மட்டும் வெச்சிக்கிறாங்களாம்” என்றார் திரும்பி வந்து. கல்யாண வீட்டுப் பாட்டை ஒரு கரடிக்காக நிறுத்துகிற ஊரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மறுநாள், மிருகங்கள் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு மில் முதலாளியின் பங்களாவுக்குப் போனோம். அங்கே இடத்துக்குக் குறைவில்லை. கால்பந்து ஆடும் அளவுக்குப் புல்வெளி, சுற்றிலும் உயரமான வலை. ஆனால் மொட்டை வெளி. இரண்டு புள்ளிமான்கள் வலையின் கடைசி மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. வேட்டை நாய்களை அடுத்த வலையில் கட்டியிருந்தார்கள். நாய் குரைக்கும்போதெல்லாம் மான்களின் தோல் சிலிர்த்தது. இடம் பெரிதாக இருந்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். பயத்தை மறைத்துக்கொள்ள ஒரு புதர் இல்லாவிட்டால் பெரிய இடமும் கூண்டுதான் என்று அந்த மான்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று மாலை பூலான் பலாவையும் தொடவில்லை. பெட்டியின் ஒரு சட்டத்தைக் கடித்துப் பல்லில் ரத்தம் வந்திருந்தது. முனியம்மா கிண்ணத்தில் தேன் குழைத்துக் கொண்டுவந்து வெகுநேரம் நீட்டிப் பிடித்திருந்தார். பூலானின் கண் தேனில் படவே இல்லை.

“குவாரியம்மாவ ஒரு தபா கேட்டுப் பாப்பமா?” என்றார் முனியம்மா புருஷனிடம்.

ஏழுமலை தலையைச் சொறிந்தார். “அந்தம்மா யாரையும் உள்ள வுடாதே.”

குவாரியம்மா என்பவர் மல்லேஸ்வரத்தில் பல காலமாகக் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெயர் ரங்கநாயகி. கணவர் அரசாங்கத்தில் எஞ்சினியர், பாதி நாள் அணைக்கட்டு வேலையில் வெளியூர். ஊருக்கு வெளியே அவர்கள் குடும்பத்துக்கு ஒரு கல் குவாரி இருந்தது. நல்ல கல் தீர்ந்து கைவிட்ட பள்ளம். அதில் மிருகங்களை வைத்திருக்கிறார் என்று கேள்வி. ஏழுமலை முன்பு அங்கே கல் ஏற்றியிருக்கிறார்.

காலையில் பஸ்ஸில் கிளம்பினோம். பஸ் போகும் மட்டும் போய், பிறகு ஜட்காவில் ஏறி, குதிரை இனிமேல் நடக்காது என்று நின்றுவிட்ட இடத்திலிருந்து ராகி வயல் வரப்போடு நடந்தோம். குவாரி வாசலில் ஒரு மூங்கில் படல்தான். அங்கே கல்மேல் உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்த அம்மாள்தான் ரங்கநாயகி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மடிசார் கட்டு, காலில் ஆண்கள் போடும் பூட்ஸ்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடிக்கும்முன் தலையை ஆட்டிவிட்டார்.

“முடியாதும்மா. தப்பா நெனச்சுக்காதீங்கோ. சீமைக் கரடி, புதுக் கரடின்னு தெரிஞ்சா பெங்களூர் பூராவும் இங்க வந்து நிக்கும். எங்கிட்ட ஏற்கெனவே இருக்கற கரடிக்கு மனுஷாளைப் பாத்தாலே ஆகாது.”

“நான் பார்த்துவிட்டுப் போகலாமா?” என்று கேட்டேன்.

அவர் தேங்காயைக் கீழே வைத்தார். “மேலேர்ந்து பாருங்கோ. பேசப்படாது.”

பாறை விளிம்பில் செடிகளுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டோம். கீழே பள்ளம். கருங்கல் சுவர்கள் செங்குத்தாக இறங்கி, அடியில் மண் மேடுகள், புதர்கள், ஊற்று நீர் தேங்கிய ஒரு குட்டை. ஒரு பக்கம் மூன்று கரையான் புற்றுகள். எங்கோ தவிட்டுக்குருவிகள் கத்தின. கரடியை மட்டும் காணோம். வெயில் ஏறியது. எறும்பு கடித்தது. ஏழுமலை என் காதோரம், “காலி பள்ளத்தக் காட்றாங்களா?” என்றார்.

அப்போதுதான் புற்றுக்குப் பக்கத்தில் ஒரு நிழல் எழுந்து நடந்தது. நீண்ட சடைமயிர், பெரிய உடம்பு. இந்த நாட்டுக் காட்டுக் கரடி. அது புற்றின் ஓரத்தை நகத்தால் பெயர்த்து, துளையில் வாயை வைத்து உறிஞ்சியது. அந்த உறிஞ்சும் சத்தம் பாறையில் மோதி எங்கள்வரை வந்தது, பெரிய துருத்தி ஊதுவது போல. அதுவரை எத்தனையோ கூண்டுகளில் மிருகங்களைப் பார்த்திருக்கிறேன். தன் வேலையில் மூழ்கிய ஒரு மிருகத்தை அன்றுதான் பார்த்தேன்.

ஏழுமலை கால் மாற்றி வைத்ததில் ஒரு கல் உருண்டது. கரடி தலையைத் தூக்கியது. எங்களைக் கண்டது. உடனே பின்னங்காலில் எழுந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, இப்படியும் அப்படியுமாக ஆடத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை.

ரங்கநாயகி எங்களைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். கன்னடத்தில் கீழே இருந்த வேலையாள் மாதப்பாவுக்கு ஏதோ சொன்னார். ‘ஆள் போயாச்சு என்று அவளுக்குத் தெரியும்வரை நீயும் அசையாதே’ என்று சொன்னதாக ஏழுமலை பிறகு விளக்கினார்.

“தெருவுல ஆட வெச்சிருந்தா இவளை. மூக்குல ஓட்டை போட்டுக் கயிறு. நாங்க வாங்கி வந்து வருஷம் எவ்வளவோ ஆச்சு. கயிறு போயிடுத்து, ஆட்டம் போகல. மனுஷ முகத்தைப் பாத்தா ஆடணும்னு மனசுல பதிஞ்சு போச்சு. அதான் யாரையும் விடறதில்ல” என்றார் ரங்கநாயகி. அவளுக்குக் கரியம்மா என்று பெயர்.

எனக்கு வாதாடத் தோன்றவில்லை. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். ஏழுமலைதான் படலைத் தாண்டியவர் திரும்பி நின்றார். “அம்மா, நீங்க சேத்துக்க வாணாம். ஒரு தபா வந்து அத்தப் பாத்துட்டு, எங்க கொண்டு போறதுன்னாவது சொல்லுங்க. பாவம், பல்லு ஒடச்சிக்குது.”

மறுநாள் காலை ஸ்ரீராம்புரம் சந்தில் ஒரு ஜட்கா வந்து நின்றது. அதே பூட்ஸ். ரங்கநாயகி ஷெட்டுக்குள் போய்ப் பெட்டியருகே தரையில் உட்கார்ந்தார். பூலான் ஆடிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் எழுந்து நிற்க இடமில்லை. தலையை மட்டும் இப்படியும் அப்படியும். ரங்கநாயகி வெகுநேரம் அதையே பார்த்தார். முனியம்மா கொடுத்த காபி ஆறிப்போயிற்று.

“இவ மரம் ஏறுவாளா?” என்று கேட்டார்.

“இவள் ஜாதிக் கரடிகள் மரத்திலேயே தூங்கும் என்பார்கள்.”

“இவ ஏறிப் பாத்திருக்கேளா?”

“இல்லை. கைக்குழந்தை மாதிரி வந்தாள். அப்புறம் கூண்டுதான்.”

அவர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். “கரியம்மா பள்ளத்துக்குக் கீழ இன்னொரு பள்ளம், அதுல ஒரு அத்திமரம் இருக்கு. ரெண்டு பள்ளத்துக்கும் நடுவுல பாறை. ஒரு இடத்துல மட்டும் இடுக்கு. அதைக் கல் வெச்சு அடைக்கணும். யாருக்கும் சொல்லப்படாது. நீங்க கூட இருக்கணும், ஆனா தொடப்படாது. சம்மதமா?”

சம்மதமா என்று என்னைக் கேட்டதற்கு முனியம்மா, “சம்மதம், சம்மதம்” என்று பதில் சொன்னார்.

ஏழுமலையின் சந்தில் குடியிருந்த கல் உடைப்பவர்களே அந்தப் பாறை இடுக்கை அடைக்க வந்தார்கள். கரடியைப் பற்றி யாரிடமும் சொல்லக்கூடாது என்பதை அவ்வளவு பேரும் ஒரே மாதிரி காப்பாற்றியது எனக்கு இன்றும் வியப்பு. கருங்கல் சட்டங்களைக் கடப்பாரையால் நெம்பி நெம்பி நிறுத்தினார்கள். அணைக்கட்டு வேலையிலிருந்த ரங்கநாயகியின் கணவர் லீவு போட்டு வந்து, எங்கே கால் வைக்க முடியும் என்று சுவரைத் தானே ஏறிப் பார்த்து, பிடிமானமான இடங்களைக் கொத்திவிடச் சொன்னார். சுவர்ப் பக்கம் நீண்ட அத்திக் கிளைகளை அறுத்தார்கள். பாறையின் ஓரத்தில் ஓர் உலர்ந்த குகை போல ஒதுக்கிடம் செய்து, வைக்கோல் பரப்பினார்கள். பெங்களூர்க் குளிருக்கு அது அவசியம் என்று நான் சொன்னேன். பட்டுப்போன மரத்தண்டு ஒன்றைப் போடச் சொன்னேன், உள்ளே புழு இருக்கும், கிழித்துத் தின்பாள் என்று. சொன்னேனே தவிர, கிழிப்பாள் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. மத்தியானம் எல்லோரும் சேர்ந்து மாதப்பா வீட்டு ராகி முத்தை என்ற களி உருண்டையும் கீரைச் சாறும் சாப்பிட்டோம். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்றார்கள். நான் மென்றுவிட்டேன். சிரித்தார்கள்.

பெட்டியை லாரியில் கொண்டுவந்து, கயிற்றில் கட்டிப் பள்ளத்தில் இறக்கிக் கதவைத் திறந்துவிட்டு, நாங்கள் மேலேறிப் பாறைக்குப் பின் படுத்தோம். பூலான் வெளியே வரவில்லை. அன்று முழுவதும் வரவில்லை. மறுநாள் வெயில் வந்த பிறகு முதலில் மூக்கு, பிறகு ஒரு கால், பிறகு முழு உடம்பு. மண்ணை மிதித்ததும் காலைத் தூக்கி உதறினாள். பிறகு நடக்கத் தொடங்கினாள்.

பெட்டியின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் போனாள். திரும்பினாள். வந்தாள். திரும்பினாள். சுற்றிலும் அவ்வளவு இடம். குட்டை, புதர், மரம். அவள் மட்டும், இல்லாத கம்பிகளுக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்தாள். ஓட்டல் தோட்டத்துச் சிறுத்தை என் கண்முன் வந்தது. துணியை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். என் தோளில் ரங்கநாயகியின் கை இருந்தது. “பொறுங்கோ” என்றார்.

நான், ரங்கநாயகி, மாதப்பா மூன்று பேரும் அப்படியே கிடந்தோம். அடுத்த நாளும் அதே நடைதான். அதற்கடுத்த நாள் பிற்பகல் வானம் கறுத்தது. மாங்காய் மழை என்றார் மாதப்பா. இடி பாறைக்குள் இறங்கிச் சுழன்று எழுந்தது. நான் மலாயாவில் பிறந்தவள், மழையைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாலு பக்கக் கருங்கல் சுவரிலும் ஒரே சமயத்தில் வெள்ளை வெள்ளையாய் அருவி இறங்குவதை எங்கே பார்த்தேன்? செம்மண் நீர் பள்ளத்தில் புரண்டது. ஈர மண்ணின் வாசனை மேலே எங்கள் முகத்தில் வந்து அறைந்தது.

பூலான் நடையை நிறுத்தினாள். தலையைத் தூக்கி மழையை முகர்ந்தாள். பெட்டிக்குள் ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் அத்திமரத்தடிக்கு ஓடினாள். பின்னங்காலில் எழுந்து, இரு கைகளாலும் மரத்தைக் கட்டிக்கொண்டாள். நகம் பட்டையில் பதிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், பள்ளிக்கூடத்து வாசலில் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளை மாதிரி. பிறகு பின்னங்கால்கள் தரையை விட்டன.

ஏறினாள். யாரும் கற்றுக் கொடுக்காததை, யார் ஏறியும் பார்க்காததை, தினமும் ஏறுகிறவள் போல ஏறினாள். முதல் கவட்டையில் நிற்பாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை. உச்சிக்குக் கீழே ஒரு கவட்டையில் உட்கார்ந்து, கைக்கெட்டிய கிளையை ஒடித்துத் தன் அடியில் மடக்கி வைத்தாள். இன்னொன்று. மேலும் ஒன்று. மழையில் நனைந்தபடி தனக்கு ஒரு மெத்தை கட்டிக்கொண்டிருந்தாள்.

“தெய்வானை, அங்க பாருங்கோ” என்று ரங்கநாயகி என் பெயரைச் சொல்லி முதன்முறையாகக் கூப்பிட்டு, மேல்பள்ளத்தைக் காட்டினார். கரியம்மா புற்றருகே பின்னங்காலில் எழுந்து நின்றிருந்தாள். நாங்கள் மறைவிலிருந்து எழுந்துவிட்டிருந்தோம். எங்கள் முகங்கள் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆடப்போகிறாள் என்று நினைத்தேன். ஆடவில்லை. பாறைக்கு அப்பாலிருந்து வந்த அந்தப் புது வாசனையை நோக்கி மூக்கை நீட்டி, அசையாமல் நின்றாள். மழை அவள் சடையில் வழிந்தது. எங்களை அவள் பொருட்படுத்தவே இல்லை. ரங்கநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்தாரா மழையைத் துடைத்தாரா என்று தெரியவில்லை.

நான் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. காலையிலேயே முனியம்மா இட்லியும் வடையும் கட்டிக் கொடுத்தார். ஏழுமலை லாரியைப் படலருகே நிறுத்திவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“கீழ எறங்கிப் போய் ஒரு தடவை பாத்துட்டுப் போங்கோளேன். உங்க குரல் கேட்டா வருவா. இனிமே எப்போ வரப்போறேள்?” என்றார் ரங்கநாயகி. தொடக்கூடாது என்று சொன்னவரே அப்படிச் சொன்னார்.

எனக்கு ஆசைதான். அந்த உரிந்த மூக்கு ஆறியிருக்கிறதா என்று ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பாறை விளிம்புக்குப் போய் மெதுவாக எட்டிப் பார்த்தேன். பூலான் மரத்தில் தலைகீழாகத் தொங்கி, அடிமரத்தில் குலைகுலையாகக் காய்த்திருந்த அத்திப் பழங்களை நாக்கால் வளைத்து வளைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கீழே, பட்டுப்போன தண்டு இரண்டாகக் கிழிந்து கிடந்தது. அவளைக் கூப்பிட என் வாயில் அவள் பெயர் வந்துவிட்டது.

அப்போது அவள் தின்பதை நிறுத்தினாள். மூக்கைத் தூக்கினாள். என் முதுகுப் பக்கமிருந்து காற்று பள்ளத்துக்குள் அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி சோப்பு, பால், என் கை, எல்லாவற்றையும் அது அவளிடம் கொண்டு போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் மரத்தைவிட்டு இறங்கி, அந்தப் பெட்டி இருந்த இடத்துக்கு வந்து எனக்காக நிற்பாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். சத்தமில்லாமல் பின்வாங்கி, பாறையைச் சுற்றி, காற்று என் முகத்தில் அடிக்கும் மறுபக்கத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அவள் கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு அடுத்த பழத்துக்கு நாக்கை நீட்டினாள்.